கட்டட ஒலியியலிலும் இரைச்சல் கட்டுப்பாட்டிலும் வேலை: சேலத்து மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பொறியியல், கட்டடக்கலை, இயற்பியல் படிக்கும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் இந்தத் துறையைப் பற்றிக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, இயன்ற அளவு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். இந்த ஊரைச் சேர்ந்தவர்கள் இந்த ஊரிலேயே செய்யக்கூடிய வேலை இது என்பதால், எடுத்துக்காட்டுகளையும் பெரும்பாலும் இங்கிருந்தே எடுத்திருக்கிறேன்.

இந்தத் துறையில் இருப்பவர் என்னதான் செய்கிறார்?

ஒரு கட்டடத்துக்குள் கேட்க வேண்டிய ஒலி தெளிவாகக் கேட்கவும், வேண்டாத ஒலி உள்ளே வராமலும் வெளியே போகாமலும் இருக்கவும் வழி செய்வது அவருடைய வேலை. வகுப்பறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு ஆசிரியர் சொல்வது முழுமையாக விளங்குகிறதா, மருத்துவமனையின் மேல் தளத்தில் ஓடும் ஏ.சி. எந்திரத்தின் அதிர்வு கீழே உள்ள நோயாளியின் கட்டில் வரை இறங்குகிறதா, தறிக்கூடத்தின் சத்தம் அடுத்த வீட்டின் படுக்கையறைக்கு எந்த வழியாகப் போகிறது போன்ற கேள்விகளுக்கு அவர் அளந்து பதில் சொல்கிறார். வரைபடங்களைப் படித்தல், களத்தில் அளத்தல், கணக்கிடுதல், அறிக்கை எழுதுதல், சொன்னபடி வேலை நடக்கிறதா என்று கொத்தனாருடனும் தச்சருடனும் நின்று பார்த்தல் ஆகிய ஐந்திலும் அவருடைய நேரம் கழிகிறது. கடைசியாகச் சொன்னதைப் பலர் தவிர்க்க விரும்புகிறார்கள். ஆனால் அறிக்கையில் எழுதிய சுவர் கட்டடத்தில் வந்து சேர்வதை உறுதி செய்வதே இந்தத் தொழிலில் பாதி வேலை என்பது என் உறுதியான கருத்து.

சேலத்தில் இதற்கு வேலை இருக்கிறதா, அல்லது சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆக வேண்டுமா?

முதல் சில ஆண்டுகள் பெருநகர நிறுவனம் ஒன்றில் பழகுவது நல்லது. அதன் பிறகு இங்கே வேலை இல்லை என்று சொல்ல முடியாது. இங்கே வேலை இருப்பது பலருக்குத் தெரியவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். கருங்கல் தரையும் சிமெண்ட் பூச்சுச் சுவரும் கான்கிரீட் கூரையும் கொண்ட திருமண மண்டபங்கள், ஐந்து ரோடு பகுதியைச் சுற்றிப் பெருகிவரும் தனியார் மருத்துவமனைகள், கல்லூரிகளின் கருத்தரங்கக் கூடங்கள், இளம்பிள்ளையிலும் தாரமங்கலத்திலும் ஜலகண்டாபுரத்திலும் வீடுகளோடு ஒட்டி நிற்கும் விசைத்தறிக் கூடங்கள், உருக்காலை, மேட்டூர் அனல் மின் நிலையம், ஜவ்வரிசி ஆலைகள், நகரத்துக்குள் ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு வணிக வளாகம் ஆகிய எல்லா இடங்களிலும் இந்தத் துறைக்கு வேலை உண்டு. ஒலிக்காகவே கட்டடம் கட்டும் பழக்கமும் இந்த ஊருக்குப் புதிதன்று. டி.ஆர். சுந்தரம் 1930களில் இங்கே நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவு வளைவு ஏற்காடு செல்லும் சாலையில் இன்றும் நிற்கிறது.

விசைத்தறியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் இரைச்சலால் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் தறி ஓட்டுகிறவர்களே. சாதாரணத் தறியில் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடித்து அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு அடியும் ஒரு மோதல். கூடத்துக்குள் அளவு 90 டெசிபலை எளிதாகத் தாண்டிவிடுகிறது. 20 தறி ஓடும் கூடத்தில் 10 தறியை நிறுத்தினால் சத்தம் பாதியாகக் குறையும் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். டெசிபல் கணக்கு அப்படிப் போவதில்லை: தறிகளின் எண்ணிக்கை பாதியானால் அளவு 3 டெசிபல் மட்டுமே குறையும், காதுக்கு அது சிறிய மாற்றமாகவே தெரியும். அதனால் நாடாவை அடித்து அனுப்பும் பிக்கர் தேய்ந்திருந்தால் அதை மாற்றுதல், தறியைத் தாங்கும் அடித்தளத்தை வீட்டுத் தரையிலிருந்து வெட்டிப் பிரித்தல், அடியில் ரப்பர் தாங்கிகள் வைத்தல், தகரக் கூரையின் உட்புறத்தில் ஒலியுறிஞ்சும் பலகைகளைத் தொங்கவிடுதல், வசதி உள்ளவர்கள் நாடா இல்லாத தறிக்கு மாறுதல், இவை எல்லாம் நடக்கும் வரை தொழிலாளிக்குச் சரியான காதடைப்பான் கொடுத்து அணியப் பழக்குதல் எனப் பல வேலைகளைச் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கிறது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அறிவிக்கத்தக்க தொழில்நோய்களின் பட்டியலில் இடம்பெற்றது. அந்த இழப்பு திரும்பி வராது. இந்த ஒரு காரணத்துக்காகவாவது இந்த ஊரிலிருந்து சிலர் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு வேண்டும்? பிறகு என்ன படிக்க வேண்டும்?

இயற்பியலும் கணிதமும் இருந்தால் போதும். ஒலியியல் என்ற பெயரிலேயே இளங்கலைப் பட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தத் துறைக்குள் நுழைய இயந்திரப் பொறியியல், கட்டடப் பொறியியல், கட்டடக்கலை, மின்னணுவியல், இயற்பியல் என ஐந்து வாசல்கள் உண்டு. எந்திரங்களின் இரைச்சல், குழாய்கள், சைலன்சர், அதிர்வு ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் இயந்திரப் பொறியியல் பொருந்தும். அரங்கங்கள், வகுப்பறைகள், வீடுகள் பிடிக்கும் என்றால் கட்டடக்கலை பொருந்தும். அந்தப் படிப்புக்கு நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வோ ஜே.இ.இ. இரண்டாம் தாளோ எழுத வேண்டும். ஒலிபெருக்கி, அளவீடு, சிக்னல் பகுப்பாய்வு ஆகியவற்றுக்கு மின்னணுவியல் நல்லது. சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலோ பெரியார் பல்கலைக்கழகத்திலோ மாவட்டத்தின் பிற கல்லூரிகளிலோ படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருவதில் எந்தத் தடையும் இல்லை. கல்லூரியின் பெயரைவிட, அலைகள், அதிர்வுகள், வெப்பம், காற்றோட்டம் ஆகிய பாடங்களை எவ்வளவு ஊன்றிப் படித்தீர்கள் என்பதே நேர்காணலில் தெரிந்துவிடும்.

கணக்கு மிகவும் கடினமாக இருக்குமா?

அன்றாட வேலைக்கு வேண்டிய கணக்கு பன்னிரண்டாம் வகுப்பு மடக்கைக்கு அதிகம் மேலே போவதில்லை. ஒரு எடுத்துக்காட்டைப் போட்டே காட்டுகிறேன்.

30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உள்ள திருமண மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கனஅளவு 3600 கன மீட்டர். தரை 600 சதுர மீட்டர், கூரை 600, நான்கு சுவர்களும் சேர்ந்து 600. பளபளப்பான கல் தரை தன்மேல் விழும் ஒலியில் சுமார் 2 சதவீதத்தையும், பூசிய சுவரும் கூரையும் சுமார் 3 சதவீதத்தையும் மட்டுமே உறிஞ்சும். ஆகவே உறிஞ்சு பரப்பு 12, 18, 18 என மொத்தம் 48 சதுர மீட்டர். திறந்திருக்கும் கதவு சன்னல்கள் 20 சதுர மீட்டர் என்று வைத்தால், அவற்றின் வழியே போன ஒலி திரும்பாது என்பதால் அதை முழுதாகச் சேர்த்து 68 ஆகிறது. கனஅளவை 0.161ஆல் பெருக்கி இந்த 68ஆல் வகுத்தால் சுமார் 8.5 வினாடி வருகிறது. ஒரு ஒலி எழுந்து நின்ற பிறகு அதன் அளவு 60 டெசிபல் குறைய அந்த அறையில் ஆகும் நேரம் இது. எதிர்முழக்க நேரம் என்கிறோம். காலி மண்டபத்தில் மைக் பிடித்து ஒருவர் பேசினால் முதல் சொல் அடங்குவதற்குள் அடுத்த இருபது சொற்கள் அதன்மேல் வந்து விழும்.

இப்போது 500 பேர் வந்து உட்காருகிறார்கள். ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் என்று கொண்டால் 225 கூடுகிறது. நேரம் 2 வினாடியாக இறங்குகிறது. முகூர்த்த நேரத்தில் ஓரளவு கேட்கும் மண்டபம், மறுநாள் பாதி நிரம்பிய கூட்டத்தில் கேட்காமல் போவதற்குக் காரணம் இதுவே. கூரைக்குக் கீழே 60 சதவீதம் உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தினால் காலி மண்டபத்திலேயே நேரம் 1.4 வினாடிக்கு வந்துவிடும். ஆட்கள் நிரம்பினால் 0.9. பேச்சுக்கு இது நல்ல அளவு. கட்டும்போதே இதைத் தீர்மானித்திருந்தால் கூரைச் செலவோடு சேர்ந்து போயிருக்கும். திறப்பு விழா முடிந்த பிறகு என்றால், விளக்குகளையும் மின்விசிறிகளையும் கழற்றி, சாரம் கட்டி, முகூர்த்த நாள்களை இழந்து செய்ய வேண்டியிருக்கும். வரைபடம் தாளில் இருக்கும்போதே ஒலியியலாளரை அழைக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

இந்தச் சூத்திரத்தைக் கண்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895இல் அங்கிருந்த ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேச்சு விளங்கவில்லை என்ற புகாரைத் தீர்க்கும் வேலை அவரிடம் வந்தது. பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பியும் குறைத்தும், ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, அது அடங்கும் நேரத்தை அளந்து அளந்து இந்த உறவைக் கண்டறிந்தார். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவருடைய கணக்கின்படி அமைந்தது.

சுவரில் ஸ்பாஞ்சும் முட்டை அட்டையும் ஒட்டினால் வெளிச்சத்தம் நின்றுவிடுமா?

நிற்காது. அறைக்குள்ளே உள்ள ஒலியை உறிஞ்சுவது ஒரு வேலை. அறையிலிருந்து அறைக்கு ஒலி கடப்பதைத் தடுப்பது வேறு வேலை. மென்மையான, நுண்துளைகள் உள்ள பொருள் முதல் வேலையைச் செய்யும். இரண்டாவதற்குக் கனம் வேண்டும், இடுக்கு இல்லாத மூடல் வேண்டும், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே தொடர்பு அறுந்திருக்க வேண்டும். இருபுறமும் பூசிய 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். ஆனால் அந்தச் சுவரில் உள்ள கதவைப் பாருங்கள். 2 மீட்டர் உயரக் கதவுக்கு அடியில் 1 சென்டிமீட்டர் சந்து இருந்தால், அது கதவின் பரப்பில் இருநூறில் ஒரு பங்கு. கதவு எவ்வளவு கனமான தேக்காக இருந்தாலும் அதனால் 23 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை நான் முதலில் கதவின் முன் மண்டியிட்டு அடிச்சந்தின் வழியே விளக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். வெளிச்சம் வரும் இடத்தில் சத்தமும் வரும்.

எந்தச் சட்டங்களையும் தரங்களையும் தெரிந்திருக்க வேண்டும்?

முதலாவது, ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே 50, 40. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல் எனக் கணக்கு. இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. பண்டிகை, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். தனியார் இடத்தில் வைத்த ஒலிபெருக்கியின் அளவு, அந்த இடத்தின் எல்லையில், அப்பகுதிக்கான வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. மண்டப உரிமையாளர்கள் இந்தக் கடைசி விதியை அறிந்திருப்பதே அரிது. நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள் உறையுடன் 1 மீட்டர் தொலைவில் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ளது. கட்டடங்களுக்கு 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் எட்டாம் பாகத்தின் நான்காம் பிரிவு முழுக்க ஒலியியலுக்கானது. அரங்கங்களுக்கு ஐ.எஸ். 2526 என்ற இந்தியத் தரம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் பசுமைக் கட்டடச் சான்று கேட்பவர்களும் ஐ.எஸ்.ஓ. 3382, 16283 ஆகிய பன்னாட்டுத் தரங்களின்படி அளக்கச் சொல்வார்கள்.

ஏற்காட்டில் ஒலியியலுக்கு என்ன வேலை? அங்கேதான் அமைதியாக இருக்கிறதே?

அமைதியாக இருப்பதால்தான் வேலை. நகரத்தில் 45 டெசிபல் சத்தம் பின்னணியில் கரைந்துபோகும். 1500 மீட்டர் உயரத்தில், இரவு பத்து மணிக்கு மேல், காபித் தோட்டத்தின் நடுவே உள்ள விடுதியில் அதே 45 டெசிபல் ஜெனரேட்டர் தூக்கத்தைக் கெடுக்கும். விதியின் வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்லி அங்கே ஒதுங்க முடியாது; இயல்பான பின்னணியை முதலில் அளந்து, அதற்கு மேல் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும்.

சேர்வராயன் மலையில் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மேகம் இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதன் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக நின்றால், மேலே போக வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளையும். பகலில் கேட்காத எதிர்ச்சரிவுப் பாட்டுச்சத்தம் இரவில் பக்கத்தில் கேட்பதுபோல் வருவது அதனால்தான். ஆகவே பகலில் மட்டும் அளந்து அறிக்கை தருவது அங்கே பயன்படாது. நிழலுக்காக நடும் சில்வர் ஓக் மரவரிசை சத்தத்தைத் தடுக்கும் என்று தோட்டக்காரர்கள் நம்புகிறார்கள். மெல்லிய மரவரிசை கண்ணுக்கு மறைவு தருமே தவிர ஒலியைக் குறைப்பது மிகச் சொற்பம். மண்மேடோ பாறையோ குறுக்கே நின்று, எந்திரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் நிலையிலேயே சுமார் 5 டெசிபல் குறையத் தொடங்கும். மலையில் அந்த மேடு இயற்கையாகவே கிடைக்கிறது. ஜெனரேட்டரை அதற்குப் பின்னால் வைக்கச் சொல்லும் ஆள்தான் வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தே ஆக வேண்டும், அது உயிர் காக்கும் சத்தம். அதைக் குறைக்கச் சொல்வதைவிட, படுக்கையறைகளைச் சாலைக்கு எதிர்ப்புறம் வைத்து வரைவதே சரியான வழி.

யார் வேலை கொடுப்பார்கள்? அரசு வேலை உண்டா?

ஒலியியல் ஆலோசனை நிறுவனங்கள், ஜெனரேட்டர் உறையும் சைலன்சரும் தயாரிக்கும் தொழிற்சாலைகள், ஏ.சி. மற்றும் காற்றோட்ட நிறுவனங்கள், ஒலியுறிஞ்சும் பலகை தயாரிப்பவர்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்பவர்கள், சான்றுபெற்ற சோதனைக்கூடங்கள் ஆகியோர் தனியார் துறையில் முக்கியமானவர்கள். வாகனத் தொழிலில் இரைச்சல், அதிர்வு இரண்டுக்கும் தனிக் குழுக்களே உண்டு. ஓசூரும் ஒரகடமும் நமக்குத் தொலைவில் இல்லை. அரசுத் தரப்பில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், கடலடி ஒலியியலுக்காகக் கொச்சியில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஆகியவை நினைவுக்கு வருகின்றன. இவற்றில் இடங்கள் குறைவு. அதை மட்டும் நம்பி ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

சம்பளம் எப்படி?

தொடக்கத்தில் மற்ற இளம் பொறியாளர்களைப் போலத்தான்; மென்பொருள் வேலையோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாகவும் இருக்கலாம். அளவீட்டிலும் அறிக்கையிலும் உங்கள் பெயருக்கு மதிப்பு வந்த பிறகே நிலை மாறும். இந்தத் துறையில் ஆட்கள் குறைவு என்பதால், திறமையானவர்கள் வேலையின்றி இருப்பதை நான் கண்டதில்லை.

மேற்படிப்பு எங்கே?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நெடுங்காலமாக ஒலியியல் ஆய்வு நடக்கிறது. குழாய்களும் சைலன்சர்களும் பற்றிய எம்.எல். முஞ்சாலின் பணி உலகெங்கும் அறியப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் இரைச்சல், அதிர்வு ஆய்வு உண்டு. வெளிநாட்டில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், சால்ஃபோர்டு, அமெரிக்காவின் பென் ஸ்டேட், ஸ்வீடனின் சால்மர்ஸ் ஆகியவை புகழ்பெற்றவை. வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்புவோருக்கு, இங்கிலாந்தின் ஒலியியல் கழகம் தொலைவழியிலும் நடத்தும் டிப்ளமோ ஒரு வழி.

இசை தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. கூர்ந்து கேட்கும் பழக்கம் வேண்டும். மிருதங்கம் போன்ற நம் தோல்கருவிகள் ஏன் சுருதியோடு ஒலிக்கின்றன என்று 1920இல் நேச்சர் இதழில் எழுதிய சி.வி. ராமனைப் போல, கேட்டதன் காரணத்தைத் தேடும் ஆர்வமும் இருந்தால் மிகவும் நல்லது.

ஆடியாலஜிஸ்ட் என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அவர் செவித்திறனைச் சோதித்து மருத்துவத் துறையோடு சேர்ந்து பணிபுரிபவர். அதற்கெனத் தனி இளங்கலைப் படிப்பு உண்டு. மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் அதற்குப் பெயர் பெற்றது.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு இடம் உண்டா?

நிச்சயமாக உண்டு, அவர்களுக்கான தேவை பெரிது. ஜெனரேட்டர் உறையைத் தகடு வளைத்து, உள்ளே பாறைக்கம்பளி வைத்து, துளைத்தகட்டால் மூடி, காற்று நுழையும் வழியில் சத்தம் மட்டும் தங்கிவிடும்படி தடுப்புகளை அமைப்பவர் வெல்டரும் ஃபிட்டரும்தான். கதவின் நாற்புறமும் ரப்பர் சீல் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதை ஒரு நல்ல தச்சர் விரலால் தடவியே சொல்லிவிடுவார். இந்த வேலைகளை அறிந்து செய்யும் பட்டறைகள் நம் மாவட்டத்தில் இன்னும் பல வரலாம்.

இரவில் தனியாகப் போய் அளக்க வேண்டியிருக்குமா? மகளை இதில் சேர்க்கலாமா?

இரவு அளவீடு இந்த வேலையின் ஒரு பகுதி, அதை மறைக்க முடியாது. ஆணோ பெண்ணோ, இருவராகப் போவதும் வாகனத்தை நிறுவனமே ஏற்பாடு செய்வதும் முறையான நிறுவனங்களின் வழக்கம். வேலைக்குச் சேரும்போதே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கு, கணினி மாதிரி, அறிக்கை ஆகிய மற்ற எல்லாம் பகல் வேலையே. தாராளமாகச் சேர்க்கலாம்.

செல்போன் செயலியால் அளக்கலாமா? கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு எதை எடுப்பது?

பழகுவதற்கு அளக்கலாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ், ஐபோனுக்காக இலவசமாகத் தரும் செயலி நம்பகமானது. சட்டப் புகாருக்கும் சான்றிதழுக்கும் அளவுத்திருத்தம் செய்த முதல்தர ஒலியளவுமானி வேண்டும். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் தரும் சிறிய திருத்தக் கருவியை மைக்கில் பொருத்திச் சரிபார்க்க வேண்டும்.

ப்ராஜெக்ட்டுக்குப் பெரிய தலைப்பு வேண்டாம். உங்கள் கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தையே எடுங்கள். நீள அகலம் அளந்து, எந்தப் பரப்பு எந்தப் பொருளால் ஆனது என்று எழுதி, மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். பிறகு கூடம் காலியாக இருக்கும்போது பெரிய பலூன் ஒன்றை உடைத்துப் பதிவு செய்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் எதிர்முழக்க நேரத்தைக் கண்டு, கணக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாது, ஏன் பொருந்தவில்லை என்று தேடுவதுதான் ப்ராஜெக்ட். அந்த நேரத்தில் மின்விசிறி ஓடியதா, எத்தனை சன்னல்கள் திறந்திருந்தன, நாற்காலிகள் மெத்தை வைத்தவையா பிளாஸ்டிக்கா என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அறிக்கையையும் இணைத்து அனுப்புங்கள்; இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்கள் மதிப்பெண் பட்டியலுக்கு முன் அதைத்தான் படிப்பார்கள்.